சிடி4: எதிர்ப்பொருள் காட்டிய செல்

கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லிய பூச்சாகப் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, வெள்ளணுக்களுள் லிம்போசைட்டுகளை இனங்காண்பது கடினமன்று. உட்கரு ஏறத்தாழ முழுச் செல்லையும் அடைத்துக்கொண்டிருக்க, அதைச் சுற்றி நீலநிறச் சைட்டோபிளாசம் மெல்லிய விளிம்பாக மட்டும் தெரியும். ஆனால் அந்த லிம்போசைட்டுகளுள் எது எலும்பு மஜ்ஜையில் முதிர்ந்து எதிர்ப்பொருள்களைச் சுரக்கவல்ல பி செல், எது மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ந்த டி செல் என்பதை எவ்வளவு சிறந்த நுண்ணோக்கியாலும் சொல்ல இயலாது. டி செல்களுக்குள்ளேயும், பிற செல்களைத் தூண்டிவிடும் உதவி டி செல்களும், வைரஸ் தொற்றிய செல்களை நேரடியாகக் கொல்லும் கொல்லி டி செல்களும் வடிவத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றின் வேறுபாடு உருவத்தில் இல்லை, மேற்பரப்பில் பொதிந்திருக்கும் புரதங்களில்தான் இருக்கிறது என்பதால், அப்புரதங்களைத் தேடிப் பற்றிக்கொள்ளும் கருவி கைக்கு வரும்வரை மனித நோய்த்தடுப்பு மண்டலம் மருத்துவர்களுக்கு எண்ணிக் காட்ட இயலாத ஒரு கருத்தாகவே இருந்தது.

அந்தக் கருவி வருவதற்கு முன்பு கையாளப்பட்ட வழிகளில் ஒன்று விந்தையானது. செம்மறியாட்டின் சிவப்பணுக்களை மனித லிம்போசைட்டுகளோடு கலந்து வைத்தால், அவை டி செல்களைச் சுற்றி மட்டும் பூவிதழ்போல் ஒட்டிக்கொள்ளும் என்பது 1970-ஐ ஒட்டிக் கண்டறியப்பட்டது. அந்த வடிவம் கொண்டவற்றை எண்ணி டி செல்களின் விகிதத்தைக் கணக்கிட்டனர். ஆனால் இம்முறை டி செல்களை ஒட்டுமொத்தமாகக் காட்டியதேயன்றி அவற்றின் உட்பிரிவுகளைக் காட்டவில்லை. மற்றொரு வழி, மனிதத் தைமஸ் செல்களை முயலுக்குள் செலுத்தி, முயலின் ரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துவது. முயலின் உடல் அச்செல்களின் மீதுள்ள நூற்றுக்கணக்கான புரதங்களுக்கும் எதிராக எதிர்ப்பொருள்களைக் கலவையாகவே தயாரிக்கும். ஆகவே வேண்டாதவற்றைப் பிற செல்களின் மீது ஒட்டவைத்து ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, எஞ்சிய சிறிதளவு சீரத்தைக் கொண்டே ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. ஒரு முயலின் சீரமும் மற்றொரு முயலின் சீரமும் ஒத்திருப்பதில்லை. அந்த முயல் இறந்தால் அந்தச் சீரமும் அதோடு தீர்ந்துவிடும். ஓர் ஊரில் அளந்ததை வேறோர் ஊரில் அளந்ததோடு ஒப்பிடுவதற்கான பொது அளவுகோல் இவ்வகையில் உருவாகவே முடியாது.

இந்நிலையை மாற்றியது 1975 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியான சிறு கட்டுரை. கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய அர்ஜென்டினாவைச் சேர்ந்த சீசர் மில்ஸ்டீனும், அங்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு வந்திருந்த ஜெர்மானியரான ஜார்ஜ் கோலரும், எதிர்ப்பொருள் சுரக்கும் ஒற்றைச் செல்லை அழியாமல் பெருக்கும் வழியை அதில் விளக்கினர். ஒரு பி செல் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டுமே சுரக்கும்; ஆனால் ஆய்வகத்தில் வளர்த்தால் சில நாட்களில் மடிந்துவிடும். மறுபுறம், மைலோமா என்னும் புற்றுநோய்ச் செல் முடிவின்றிப் பெருகும்; ஆனால் வேண்டிய எதிர்ப்பொருளை அது தருவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் பிறக்கும் கலப்புச் செல், அதாவது ஹைபிரிடோமா, ஒன்றிடமிருந்து எதிர்ப்பொருளையும் மற்றதிடமிருந்து அழியாத் தன்மையையும் பெறும் என்பதே அவர்களது எண்ணம்.

இணையாமல் எஞ்சிய செல்களை எப்படி நீக்குவது என்பதில்தான் இம்முறையின் நுட்பமே அடங்கியிருக்கிறது. டிஎன்ஏவுக்கு வேண்டிய அலகுகளைச் செல்கள் இரு வழிகளில் பெறுகின்றன: எளிய மூலப்பொருள்களிலிருந்து புதிதாகக் கட்டுவது ஒன்று, சிதைந்தவற்றை மீட்டுப் பயன்படுத்துவது மற்றொன்று. மீட்பு வழிக்குத் தேவையான நொதி இல்லாத மைலோமா செல்களைத் தேர்ந்துகொண்டு, முதல் வழியை அடைத்துவிடும் அமினாப்டெரின் என்னும் மருந்தை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால், தனித்து நிற்கும் மைலோமா செல்கள் இரு வழியும் அடைபட்டு இறக்கின்றன; எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த இணையாத பி செல்கள் நொதியைப் பெற்றிருந்தும் தம் இயல்பான ஆயுள் முடிந்து இறக்கின்றன; பி செல்லின் நொதியையும் மைலோமாவின் பெருகும் திறனையும் ஒருசேரப் பெற்ற கலப்புச் செல்கள் மட்டும் பிழைக்கின்றன. பிழைத்தவற்றைக் குழிக்கு ஒன்றாகப் பிரித்து வளர்த்தால், ஒவ்வொரு குழியிலும் ஒரே தாய்ச்செல்லின் வழித்தோன்றல்கள் ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். ஒரே குலத்தினின்று வருவதால் அதற்கு மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்று பெயர். அச்செல்களை உறைநிலையில் சேமித்து வைத்து, பல ஆண்டுகள் கழிந்து எடுத்து வளர்த்தாலும் அதே எதிர்ப்பொருளே கிடைக்கும். இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அதனால் உலகின் எந்த ஆய்வகமும் தடையின்றி இம்முறையைக் கையாள முடிந்தது. 1984-இல் கோலரும் மில்ஸ்டீனும் நீல்ஸ் ஜெர்னேயோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இம்முறையை மனித டி செல்களின் பக்கம் திருப்பியவர்களுள் முன்னணியில் நின்றவர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆர்த்தோ மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய பேட்ரிக் குங். அவரும் கிடியன் கோல்ட்ஸ்டீனும், பாஸ்டனைச் சேர்ந்த எல்லிஸ் ரைன்ஹெர்ஸ், ஸ்டூவர்ட் ஷ்லாஸ்மன் ஆகியோரோடு சேர்ந்து, மனித டி செல்களை எலிகளுக்குச் செலுத்தி ஹைபிரிடோமாக்களை உருவாக்கி, 1979-இல் 'சயின்ஸ்' இதழில் மூன்று எதிர்ப்பொருள்களை அறிவித்தனர். ஓகேடி1, ஓகேடி3, ஓகேடி4 என்பன அவற்றின் பெயர்கள். ஓகேடி3 ரத்தத்திலுள்ள முதிர்ந்த டி செல்கள் அனைத்திலும் ஒட்டியது. ஓகேடி4 அவற்றுள் ஒரு பகுதியில் மட்டுமே ஒட்டியது. ஒட்டியவற்றைத் தனியே பிரித்து ஆராய்ந்தபோது, பி செல்களை எதிர்ப்பொருள் சுரக்கத் தூண்டும் உதவித் திறன் அப்பகுதியிலேயே அடங்கியிருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டே வந்த ஓகேடி8 கொல்லி டி செல்களின் பகுதியைச் சுட்டியது.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஓகேடி4 உருவானபோது, அது எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது அதை உருவாக்கியவர்களுக்கே தெரியாது. ஒரு மூலக்கூறை அறிந்து அதற்கு எதிர்ப்பொருள் தேடுவதே இயல்பான வரிசை என்று தோன்றலாம். ஆனால் டி செல் மேற்பரப்பைப் பொறுத்தவரை எதிர்ப்பொருளே முதலில் வந்தது, அதையே தூண்டிலாகக் கொண்டு புரதத்தைப் பிரித்தெடுத்தது அதன் பின்னரே. ரிச்சர்ட் ஆக்சலின் குழுவினர் அப்புரதத்தின் ஜீனைப் படியெடுத்தது 1985-இல். அது செல்லின் வெளிப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு மடிப்புகளாக நீட்டிக்கொண்டிருப்பது அதன் வழியே தெளிந்தது. அதற்கு முன்பே பல ஆய்வகங்கள் தத்தம் எதிர்ப்பொருள்களுக்குத் தத்தம் பெயர்களைச் சூட்டியிருந்தமையால், ஒரே புரதம் டி4 என்றும் லியூ3 என்றும் வெவ்வேறாக வழங்கலாயிற்று. 1982-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டுப் பட்டறை, ஒரே வகையில் செல்களில் ஒட்டும் எதிர்ப்பொருள்களைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதிக்கும் எண் இட்டது. சிடி என்னும் முன்னொட்டு அப்படி வந்ததே. ஓகேடி4 பற்றும் புரதம் சிடி4, ஓகேடி8 பற்றுவது சிடி8, ஓகேடி3 பற்றுவது சிடி3 என்றாயின; இன்று அப்பட்டியல் 370-ஐத் தாண்டிவிட்டது.

எதிர்ப்பொருள் ஒட்டியதைக் கண்ணுக்குக் காட்ட ஒளிரும் சாயம் தேவை. நீல லேசர் ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் ஃபுளூரசீன், செம்பாசிகளிலிருந்து பெறப்பட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஃபைகோஎரித்ரின் போன்றவை எதிர்ப்பொருளின் உடலோடு வேதிப்பிணைப்பால் கோக்கப்படுகின்றன. ஒளிரும் செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் கருவியைச் செம்மைப்படுத்தியதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லெனார்ட் ஹெர்சன்பர்க்கின் பங்கு பெரிது. அவரே 1970-களின் நடுவில் ஓராண்டு மில்ஸ்டீனின் ஆய்வகத்தில் தங்கியிருந்தவர் என்பது, எதிர்ப்பொருளும் கருவியும் எத்துணை நெருக்கமாக ஒன்றோடொன்று வளர்ந்தன என்பதைக் காட்டுகிறது. அக்கருவிக்குள் செல்கள் மெல்லிய நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கற்றையைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் முன்னோக்கிச் சிதறும் ஒளி அதன் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளிருக்கும் துகள்களின் செறிவையும், சாயத்தின் ஒளி எதிர்ப்பொருள் ஒட்டிய அளவையும் பதிவு செய்கின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான செல்கள் இவ்வாறு கடக்கும்.

இந்த ஏற்பாடெல்லாம் முதிர்ந்து நின்ற தறுவாயில்தான் எய்ட்ஸ் வெளிப்பட்டது என்பதை மருத்துவ வரலாற்றின் பெரும்பேறு எனலாம். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு, பெரும்பாலும் நோய்த்தடுப்பு ஆற்றல் குன்றியவர்களையே தாக்கும் நியூமோசிஸ்டிஸ் நுரையீரல் அழற்சி கண்டிருப்பதை அறிவித்தது. அவர்களுக்குச் சிகிச்சை அளித்த குழுவினரான மைக்கேல் காட்லீப்பும் அவருடைய சகாக்களும் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட விரிவான கட்டுரையில், புதிய மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களால் அந்நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, உதவி டி செல்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்ததைக் காட்டினர். நோய்க்குக் காரணமான வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அது அழிக்கும் செல் இன்னது என்று தெரிந்துவிட்டது. சில ஆண்டுகள் முன்னதாக இந்நோய் தோன்றியிருந்தால், டி செல்கள் குறைந்துள்ளன என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடிந்திராது.

வைரஸ் ஏன் அந்தச் செல்லைத் தேர்ந்தெடுக்கிறது என்ற வினாவுக்கும் எதிர்ப்பொருள்களே விடை சொல்லின. லண்டனில் ஆங்கஸ் டால்கிலிஷ், ராபின் வைஸ் ஆகியோரின் குழு 155 மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களைச் செல்களின் மீது முன்கூட்டியே ஒட்டவைத்து, பிறகு வைரஸை விட்டுப் பார்த்தது. சிடி4-ஐப் பற்றும் 14 எதிர்ப்பொருள்களும் வைரஸின் நுழைவைத் தடுத்தன. பாரிஸில் டேவிட் கிளாட்ஸ்மனின் குழுவும் அதே முடிவை எட்ட, 1984 டிசம்பரில் இரு கட்டுரைகளும் 'நேச்சர்' இதழில் ஒன்றாக வெளிவந்தன. அடையாளச் சின்னமாக மட்டும் கருதப்பட்ட புரதம், எச்.ஐ.வி பற்றி நுழையும் வாயில் என்று தெளிவாயிற்று.

எதிர்ப்பொருள் ஒன்று செல்லைப் பற்றுகிறது என்றும், புரதத்தைப் பற்றுகிறது என்றும் பேச்சு வழக்கில் சொன்னாலும், உண்மையில் அது பற்றுவது அப்புரதத்தின் மேலுள்ள, சில அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு திட்டை மட்டுமே. அத்திட்டுக்கு எபிடோப் என்று பெயர். சிடி4-இன் நான்கு மடிப்புகளில் செல்லைவிட்டு மிக விலகி வெளியே நிற்கும் முதல் மடிப்பை லியூ3ஏ, ஓகேடி4ஏ ஆகிய எதிர்ப்பொருள்கள் பற்றுகின்றன. ஓகேடி4 பற்றுவதோ செல்லுக்கு நெருங்கிய மூன்றாவது மடிப்பை. ஜே. ஸ்டீவன் மெக்டூகலின் குழு 1986-இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் ஒட்டிய செல்களில் ஓகேடி4ஏ ஒட்ட முடியாமல் போக, ஓகேடி4 மட்டும் தடையின்றி ஒட்டியது. வைரஸ் முதல் மடிப்பின் மேல் அமர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஒரே புரதத்துக்கு எதிரானவை என்று ஒரே எண்ணின் கீழ்த் தொகுக்கப்பட்டாலும், எதிர்ப்பொருள்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இதன் விளைவு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. முற்றிலும் நலமாக உள்ள சிலரின் ரத்தத்தை ஓகேடி4 கொண்டு சோதித்தபோது உதவி டி செல்களின் எண்ணிக்கை சுழியமாகக் காட்டியது 1980-களின் தொடக்கத்திலேயே பதிவாயிற்று. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. அதே ரத்தத்தில் ஓகேடி4ஏ அல்லது லியூ3ஏ இயல்பான எண்ணிக்கையைக் காட்டியது. செல்களும் தம் பணியைக் குறைவின்றிச் செய்தன. புரதச் சங்கிலியின் 240-ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதிலாக டிரிப்டோஃபேன் அமைந்த, தலைமுறைகளாக வழிவழி வரும் தீங்கற்ற ஜீன் மாற்றமே அதற்குக் காரணம் என்று 1991-இல் நிறுவப்பட்டது. ஓர் அமினோ அமிலம் மாறியதில் எதிர்ப்பொருள் பற்றும் இடம் தொலைந்துவிட்டது. செல்லும் புரதமும் அங்கேயே இருந்தன. எதிர்ப்பொருள் ஒட்டவில்லை என்பதும் புரதம் இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எய்ட்ஸ் சந்தேகத்தோடு வந்த ஒருவருக்கு இந்த மாற்றமும் இருந்து, ஓகேடி4 ஒன்றை மட்டுமே நம்பியிருந்தால் நேரக்கூடிய துன்பத்தைச் சொல்லத் தேவையில்லை.

மற்றொரு சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சிடி4 உதவி டி செல்களுக்கே உரியதன்று. மோனோசைட் என்னும் வேறுவகை வெள்ளணுவும் அதைக் குறைந்த அளவில் தாங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, எந்த எதிர்ப்பொருளின் அடித்தண்டையும் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மோனோசைட்டில் இருப்பதால், இலக்குக்குத் தொடர்பற்ற எதிர்ப்பொருளும் அதன்மேல் படியும். சிடி4 எதிர்ப்பொருள் ஒன்றை மட்டும் இட்டு எண்ணினால் மோனோசைட்டுகளும் கணக்கில் நுழைந்துவிடும். அதிலும் உதவி டி செல்கள் அருகிவிட்ட நோயாளியிடம், எண்ணிக்கை மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய அதே வேளையில், இப்பிழை மிகப் பெரிதாகத் தெரியும். அதனால்தான் சிடி3-க்கான எதிர்ப்பொருளை வேறொரு நிறத்தில் உடன் சேர்த்து, இரு நிறங்களும் ஒருசேர ஒளிரும் செல்லையே உதவி டி செல்லாக எண்ணுகின்றனர்.

சோதனைச் சாலையில் இது நடக்கும் விதம் எளிமையானது. உறையாமல் இருக்க ஈடிடிஏ கலந்த குழாயில் எடுத்த ரத்தம், குளிர்பெட்டியில் வைக்கப்படாமல் அறைவெப்பத்திலேயே வந்து சேர வேண்டும். அதில் 50 மைக்ரோலிட்டரை அளந்து, சாயம் கோத்த எதிர்ப்பொருள்களோடு கலந்து, சாயம் மங்காதபடி இருட்டில் கால்மணி நேரம் வைத்து, சிவப்பணுக்களை உடைத்துவிடும் கரைசலைச் சேர்க்கின்றனர். குழாயில் எண்ணிக்கை முன்பே தெரிந்த நுண்மணிகளும் இடப்படுகின்றன. குழாயில் 50,000 மணிகள் இட்டிருக்க, கருவி 5,000 மணிகளைக் கடக்கவிட்ட நேரத்தில் 2,000 உதவி டி செல்களை எண்ணியது என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்கு கடந்திருப்பதால் குழாயில் மொத்தம் 20,000 செல்கள், அவை 50 மைக்ரோலிட்டர் ரத்தத்திலிருந்து வந்தவை, ஆகவே ஒரு மைக்ரோலிட்டருக்கு 400. ரத்தத்தை அளக்கும் கை தடுமாறி 50-க்குப் பதில் 40 மைக்ரோலிட்டர் விழுந்திருந்தால், அதே நோயாளியின் எண் 320 ஆகியிருக்கும். கருவி எத்துணை விலையுயர்ந்ததானாலும் அந்தப் பிழையை அது அறியாது.

நலமான ஒருவருக்கு இந்த எண் பெரும்பாலும் 500-லிருந்து 1,500 வரை இருக்கும். ஒரே ஆளிடம் ஒரே நாளில் காலையில் தாழ்ந்தும் இரவில் உயர்ந்தும் காணப்படும். எனவே, ஓர் எண்ணை மட்டும் வைத்து அஞ்சுவதும் மகிழ்வதும் பொருந்தாது. மாதங்கள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்த எண்களின் போக்கையே பார்க்க வேண்டும். ஆயினும் பல ஆண்டுகள் இந்த எண்ணே எச்.ஐ.வி மருந்துக்கு வாயிற்காவலாக நின்றது. இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாக 1986-இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மையங்களுள் தாம்பரம் சானட்டோரியம் என்று மக்கள் அழைக்கும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அக்காலத்தில் மருந்தைத் தொடங்குவதற்கு 200 என்னும் எல்லையே முதன்மையான அளவுகோல். 210 என்று எண் வந்தவர், வேறு கடும் அறிகுறிகள் இல்லையெனில், காத்திருக்க நேர்ந்தது. எல்லை பிறகு 350-க்கும் 500-க்கும் உயர்ந்து, தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்ற கொள்கையை உலக சுகாதார நிறுவனம் 2015-இலும் இந்தியா 2017-இலும் ஏற்றன. அது மிகச் சரியான முடிவு. செல்கள் அழிந்தபின் மருந்து தருவதைவிட அழியாமல் காப்பதே மேல் என்பதைப் பெரிய ஒப்பாய்வுகள் ஐயமற நிறுவியிருந்தன.

எதிர்ப்பொருள்களுள் ஓகேடி3-இன் பாதை வேறானது. டி செல்களைக் காட்டுவதற்காக உருவான அதையே நோயாளியின் உடலுக்குள் செலுத்தினால், மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் டி செல்களை அடக்கலாம் என்று கண்டு, 1986-இல் அமெரிக்காவில் மருந்தாகவே ஒப்புதல் அளித்தனர். மனிதச் சிகிச்சைக்கு அங்கு ஒப்புதல் பெற்ற முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் அதுவே. ஆனால் அது சிடி3-ஐப் பற்றிய கணமே டி செல்கள் அடங்குவதற்கு முன் கிளர்ந்தெழுந்து சைட்டோகைன்கள் என்னும் தூண்டற்புரதங்களைக் கொட்டியதால் கடுங்காய்ச்சலும் நடுக்கமும் உண்டாயின. அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்தபின் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

எச்.ஐ.வி மருந்தைத் தொடங்க இனிச் சிடி4 எண் தேவையில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் ரத்தத்திலுள்ள வைரஸின் அளவே நன்கு காட்டுகிறது. ஆனால் நோய் முற்றிய நிலையில் முதன்முதலாக மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்றும் குறையவில்லை. அவர்களுள் யாருக்குக் காசநோய், கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி ஆகியவற்றை உடனே தேட வேண்டும், யாருக்கு நியூமோசிஸ்டிஸைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் தர வேண்டும் என்று முடிவு செய்ய, எண் 200-க்கு மேலா கீழா என்ற விடை மருத்துவருக்கு அன்றே தேவைப்படுகிறது. ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கென, விரல்நுனி ரத்தத்தைத் துளியாக இட்டு முக்கால் மணி நேரத்துக்குள் படிக்கத்தக்க பட்டைச் சோதனைகள் இதற்காக உருவாகியுள்ளன. லேசரும் நீரோட்டமும் இல்லாத அந்தக் காகிதப் பட்டையிலும் தீர்க்க வேண்டியிருந்த முதற்சிக்கல் பழையதே: மோனோசைட்டுகளை வழியிலேயே பிடித்து நிறுத்திவிட்டு, எஞ்சிய டி செல்களின் சிடி4 மட்டுமே எதிர்ப்பொருள் கோட்டை எட்டும்படி செய்வது.